அகலப் பாதத்துக்கு மழைச் சப்பாத்து: பேர்கனுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: நோர்வேயின் பேர்கனுக்கு வந்து மூன்று மாதம். வேலையிடத்தில் ஞாயிறு மலையேறக் கூப்பிடுகிறார்கள். பாதம் அகலம் என்று 42க்குப் பதிலாக 44இல் தண்ணீர் புகாத சப்பாத்து வாங்கினீர்கள். இப்போது சுண்டுவிரல் எரிகிறது, குதிக்கால் கொப்புளிக்கிறது, உள்ளே ஈரமும் வருகிறது. இன்னும் விலை கூடினதை வாங்கினால் சரிவருமா?

சரிவராது. முதலில் அளவைத் திருத்துங்கள், விலையைப் பிறகு பார்க்கலாம்.

ஐரோப்பிய அளவில் ஓர் எண் கூடினால் நீளம் 6.67 மில்லிமீற்றர் கூடும். இரண்டு எண் ஏறினதால் உங்களுக்குக் கிடைத்தது 13 மில்லிமீற்றர் நீளம். அகலத்தில் ஏறினது இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும். ஆகவே சுண்டுவிரலுக்கு விடுதலை இல்லை. மற்றப் பக்கத்தில், சப்பாத்து மடிய வேண்டிய இடமும் உங்கள் கால் மடியும் இடமும் பொருந்தாமல் போய்விட்டன. அதனால்தான் ஏறும்போது குதிக்கால் மேலே கிளம்பி உரசுகிறது. இறங்கும்போது பாதம் முன்னால் வழுக்கி விரல் நுனி இடிக்கும். இப்படியே நடந்தால் பெருவிரல் நகம் கறுத்து விழும்.

வீட்டில் ஒழுங்காக அளந்து பாருங்கள். பின்னேரத்தில் அளவெடுங்கள், காலையில் பாதம் சற்றுச் சிறியது. மலைக்குப் போடும் கம்பளிச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரில் குதிக்கால் முட்ட, பேப்பரின் மேல் எழுந்து நில்லுங்கள். இருந்துகொண்டு அளந்தால் பாதம் விரியாது, அளவு பிழைக்கும். பேனையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரைந்து, நீளத்தையும் ஆக அகலமான இடத்தையும் குறியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுங்கள். நீளத்தோடு 15 மில்லிமீற்றர் கூட்டி 6.67ஆல் பிரித்தால் உங்கள் எண் வரும். 265 மில்லிமீற்றர் பாதத்துக்கு 42. கொம்பனிக்குக் கொம்பனி அரை எண் முன்னே பின்னே போகும், அதைக் கடையில் போட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

அடுத்தது, "அகலம்" என்று ஒரே சொல்லில் சொல்வது மூன்று வேறு விஷயம். வரைந்த பேப்பரைப் பாருங்கள். விரல்களின் அடிமுட்டில் மட்டும் அகலமா? அல்லது விரல்கள் விசிறிபோல முன்னால் விரிகின்றனவா? சின்ன வயதில் செருப்போடும் வெறுங்காலோடும் திரிந்த எங்கள் ஆட்கள் பலருக்கு இந்த விசிறிப் பாதம்தான். மூன்றாவது, புறங்கால் உயரம். பேப்பரில் அது தெரியாது, நாடா கட்டும்போது மேலே அழுத்தும்.

விசிறிப் பாதத்துக்கு முன்பக்கம் அகன்று வட்டமாக இருக்கும் கீன், ஆல்ட்ரா போன்ற கொம்பனிகளின் சப்பாத்துகள் பொருந்தும். அடிமுட்டு அகலமென்றால் மைண்டிலின் கம்ஃபர்ட் ஃபிட், ஹான்வாகின் வைட், லோவாவில் வைட் என்று போட்டிருக்கும் மொடல்களைத் தேடுங்கள். பெருவிரல் மூட்டு வெளியே தள்ளியிருப்பவர்களுக்கென்றே ஹான்வாகில் தனி அச்சும் (சப்பாத்தை உருவாக்கும் பாத வடிவம்) உண்டு. நியூ பேலன்ஸ், மெரெல் போன்ற அமெரிக்கக் கொம்பனிகளின் அளவில் எழுத்தையும் பார்க்க வேண்டும்: ஆண்களுக்கு டி சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்குச் சாதாரணம் பி, அவர்களுக்கு டி என்றாலே அகலம்தான். அக்காமார் யாரும் இதைப் பார்த்தால், அதே எண்ணில் ஆண்களின் மொடலையும் ஒருக்கா போட்டுப் பாருங்கள். நீங்கள் நோர்வேஜியக் கடையில் கேட்க வேண்டிய சொல் "ப்ரே லெஸ்ட்", அதாவது அகல அச்சு. "பெரிய சப்பாத்து" என்று கேட்டால் திரும்பவும் 44ஐத்தான் எடுத்து வைப்பார்கள்.

கடையில் முதல் வேலை, சப்பாத்துக்குள் பாதத்துக்குக் கீழே இருக்கும் தட்டை வெளியே எடுத்து அதன் மேல் ஏறி நிற்பது. பாதத்தின் சதை இரண்டு பக்கமும் தட்டைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்தைத் திருப்பி வையுங்கள். விற்பவர் "போடப் போட இளகும்" என்பார். தோல் கொஞ்சம் இளகும், உண்மைதான். ஆனால் தண்ணீர் புகாத சப்பாத்துக்குள் கோர்டெக்ஸ் போன்ற மெல்லிய சவ்வு ஒரு சொக்ஸ்போலத் தைக்கப்பட்டிருக்கிறது. அதன் தையல்களை மேலே நாடா ஒட்டி அடைத்திருப்பார்கள். அந்தச் சவ்வு தோலைப்போல இளகாது. பலவந்தமாக இழுத்து அகட்டினால் ஒட்டின நாடா விடும், அதோடு தண்ணீர் புகும். ஒடுக்கமான சப்பாத்தில் சுண்டுவிரல் பக்கம் ஓயாமல் தள்ளிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் அதே இடத்தில் மடிவதால், சவ்வு முதலில் தேய்வதும் அங்கேதான். உங்கள் ஈரத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆகவே தண்ணீர் புகாததை வாங்கும் நாளிலேயே அகலம் சரியாக இருக்க வேண்டும். பிறகு திருத்த வழி குறைவு.

தட்டு சரியென்றால், நாடா கட்டாமல் பாதத்தை முன்னால் தள்ளி, குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். விரல் இறுக்கமில்லாமல் போனால் நீளம் சரி. பிறகு கட்டி இருபது நிமிடம் நடவுங்கள், படியில் இறங்குங்கள். இறங்கும்போது விரல் முன்னே இடிக்கக் கூடாது.

ஈரத்துக்கு வருவோம். பேர்கனில் ஆண்டுக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உல்ரிக்கன் மலையிலிருந்து ஃப்ளோயன் மலைப் பக்கம் மேட்டுவெளியால் நடந்தால் வழியெல்லாம் "மீர்" என்கிற சதுப்பு, கணுக்கால் வரை புதையும். அங்கே கணுக்காலுக்குக் கீழே நிற்கும் கட்டைச் சப்பாத்தில் எவ்வளவு நல்ல சவ்வு இருந்தும் பயனில்லை, தண்ணீர் மேல்வாயால் போகும். போனது வெளியே வரவும் மாட்டாது, சவ்வு அதையும் அடைத்து வைத்திருக்கும். கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் எடுங்கள். நாக்கு இரண்டு பக்கமும் எந்த உயரம் வரை தைத்திருக்கிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் தடுப்பு அந்த உயரம் வரைக்கும்தான்.

எல்லா ஈரமும் ஓட்டையால் வருவதில்லை. வெளித்துணியில் அல்லது தோலில் இருக்கும் நீர்விலக்கிப் பூச்சு சில மாதத்தில் தேயும். அப்போது வெளிப்பக்கம் நீரைக் குடித்து ஊறிவிடும், உள்ளே வியர்க்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் சொக்ஸை நனைக்கும். எதுவென்று அறிய, காய்ந்த சப்பாத்துக்குள் பேப்பர் திணித்து, மேல்வாய்க்கு நன்கு கீழே நீர்மட்டம் இருக்கும்படி பேசினில் அரை மணி நேரம் வையுங்கள். மிதக்காமல் உள்ளே ஒரு கல்லை வையுங்கள். பேப்பர் நனைந்தால் ஓட்டை. காய்ந்திருந்தால் கழுவிவிட்டு, கடைகளில் "இம்ப்ரெக்னேரிங்" என்று எழுதியிருக்கும் தெளிப்பானை அடியுங்கள். தோல் பூட்ஸுக்கு மெழுகு, அதுவும் மெல்லிதாக.

வெறும் சதுப்புக்கும் காட்டுக்கும் என்றால் இறப்பர் பூட்ஸை இளக்காரமாக நினைக்க வேண்டாம். இங்குள்ளவர்களே போடுகிறார்கள், முன்பக்கமும் பெரும்பாலும் அகலம். உல்ரிக்கனில் நேபாளத்து ஷெர்பாக்கள் அடுக்கிய கற்படிகளுக்கு மட்டும் அது கூடாது. ஈரக் கல்லில் கடினமான அடி வழுக்கும், குதிக்காலும் இறுகிப் பிடிக்காது.

காய வைக்கும்போது தட்டைக் கழற்றி, பழைய பேப்பர் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள். விறகடுப்புக்கும் ஹீற்றருக்கும் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். பழைய சாமான் விற்கும் ஃபின் இணையத்தளத்தில் மலிவாகப் பழைய பூட்ஸ் கண்டால் அவசரப்படாதீர்கள்: அடியிலுள்ள பொலியூரிதேன் நுரை போடாமல் கிடந்தாலும் ஆண்டுக் கணக்கில் ஈரக்காற்றில் உதிரத் தொடங்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பொடியாக வந்தால் மலையில் பாதி வழியில் அடி கழன்றுவிடும்.

இணையத்தில் வாங்கினால் 14 நாளுக்குள் மனம்மாறித் திருப்பும் உரிமை, "ஆங்ரெரெட்", சட்டப்படி உண்டு. வீட்டுக்குள் சுத்தமான தரையில் மட்டும் போட்டுப் பாருங்கள், வெளியில் போட்டால் காசைக் குறைப்பார்கள். கடையில் நேரே வாங்கினதற்கு அந்தச் சட்டம் இல்லை, மாற்றித் தருவார்களா என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள். பழுது என்றால் கதை வேறு: "ரெக்லமாசூன்" என்று முறையிட ஆகக் குறைந்தது இரண்டு ஆண்டு இருக்கிறது, ரசீதைப் படமெடுத்து வைத்திருங்கள். அமெரிக்காவிலிருந்து 2ஈ வரவழைப்பதென்றால் 25 சதவீத வரியையும் கணக்கில் சேருங்கள், அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் செலவும் உங்கள் தலையில்.

இப்போதைக்கு 44ஐ எறிய வேண்டாம். சுண்டுவிரலுக்கு நேரே இருக்கும் கீழ்க் கண்ணிகளில் நாடாவைக் குறுக்கே போடாமல் அந்தந்தப் பக்கத்தாலேயே நேராக மேலே கொண்டுபோங்கள். கணுக்கால் மடியும் இடத்தில் நாடாவை ஒன்றையொன்று இரண்டு சுற்று முறுக்கி இறுக்கினால் குதிக்கால் அசையாது. ஃப்ளோயனுக்கு நல்ல பாதையால் ஏறி இறங்க அது போதும். உல்ரிக்கன் பக்கம் கூப்பிட்டால், புதுச் சப்பாத்து வரும் வரைக்கும் ஏதாவது சாட்டுச் சொல்லுங்கள்.