பேனர்மேனின் துப்பாக்கிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்சிஸ் பேனர்மேன் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கு அவருடைய விற்பனைப் பட்டியல்கள் அரிச்சுவடி மாதிரி இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நானும் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்குத் தெரியவந்த ஆள் வேறு மாதிரி இருக்கிறார். உதிரிபாகங்களை ஒன்றுசேர்த்து முழுத் துப்பாக்கி என்று விற்றிருக்கிறார். பட்டியலில் அவர் கொடுத்த விவரங்களில் தவறுகள் மலிந்திருக்கின்றன என்கிறார்கள். அவர் பெயரில் வந்த சில ரைபிள்களைச் சுட்டால் சுடுபவருக்கே ஆபத்தாம். மொத்தத்தில், ஊர் உலகத்துச் சண்டைகளின் மிச்சத்தை எடைக்கு வாங்கி விற்ற காயலான் கடைக்காரர், ஆயுத வியாபாரி. இப்படிப்பட்டவரை நிபுணர் என்று கொண்டாடலாமா? அவர் விட்டுச்சென்ற தவறுகளைத் திருத்துவதிலேயே பின்னால் வந்தவர்களின் காலம் போயிருக்கிறதே, அதை ஏன் நீங்கள் அழுத்திச் சொல்லவில்லை? இன்றைக்கு அந்தப் பட்டியல்களால் யாருக்கு என்ன பயன்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தவை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். பிரித்துப் பார்த்தால் ஒன்று அவருடைய பெருமை, ஒன்று அந்தக் காலத்து வழக்கம், ஒன்று மன்னிக்கவே முடியாதது.

காயலான் கடைக்காரர் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் அதுதான் என்பது என் எண்ணம். பேனர்மேன் 1851-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் பிறந்தவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவுக்கு வந்து புரூக்ளினில் குடியேறியது. கடற்படைத் தளத்தில் ஏலம் போகும் சாமான்களை வாங்கி விற்பது அப்பாவின் தொழில். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அப்பா போனபோது பையனுக்குப் பத்து வயது. கொக்கியும் கயிறும் கொண்டு ஆற்றடியில் கிடந்த கயிறு, சங்கிலி, இரும்பு எல்லாவற்றையும் இழுத்துப்போட்டு விற்றிருக்கிறான்.

1865-இல் போர் முடிந்தது. அரசாங்கத்திடம் மலைமலையாக ஆயுதங்கள் மிஞ்சின. அவற்றைக் காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் இல்லை. ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவர்கள் துப்பாக்கியின் மரக்கட்டையை எரித்து இரும்பை உருக்கினார்கள், பித்தளையைத் தனியே விற்றார்கள். மஸ்கட் என்கிற நீண்ட ராணுவத் துப்பாக்கி ஒன்றை உருக்கினால் கிடைக்கும் காசைவிட மஸ்கட்டாகவே விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டவர் பேனர்மேன். வியாபாரக் கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கினால் உலைக்குத் தப்பிய துப்பாக்கிகள் ஏராளம். அறிஞர்கள் இந்தத் துறைக்குள் வந்து சேர்வதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது. அவர்கள் வந்து பார்த்தபோது பார்ப்பதற்கு ஏதாவது மிச்சம் இருந்ததென்றால், இந்த ஆளுடைய கிடங்குகளுக்கும் அதில் பங்கு உண்டு.

1898-இல் ஸ்பெயினோடு நடந்த போர் முடிந்ததும், அமெரிக்கப் படை கைப்பற்றிய சரக்கில் சுமார் 90 சதவீதத்தை அவரே வாங்கிப்போட்டார். மவுசர் ரைபிள்களோடு இன்னும் சுடாத தோட்டாக்களும் குவிந்தன. அவ்வளவு வெடிமருந்தை நகரத்துக்குள் வைக்கக் கூடாது. 1900-இல் ஹட்சன் ஆற்றின் நடுவே, நியூயார்க்குக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கும் பொல்லெபல் தீவை வாங்கினார். ஆறரை ஏக்கர் பாறை. அதில் ஸ்காட்லாந்துக் கோட்டை மாதிரி கிடங்கு எழுப்பி, ஆற்றில் போகிற கப்பல்களும் கரையில் போகிற ரயில்களும் படிக்கும்படி சுவரிலேயே தன் பெயரைப் பொறித்தார். கட்டட வரைபடமும் அவருடையதுதான். பிராட்வேயில் 501-ஆம் எண்ணில் இருந்த கடை பாதி விற்பனையகம், பாதி மியூசியம். விலைக்குக் கிடைக்காத அபூர்வமான பொருள்களையும் அங்கே மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார். போர் என்பதே மறந்துபோன கலையாகி, தன்னுடைய சேகரிப்பு அந்தக் கலைக்கு மியூசியமாக மிஞ்சவேண்டும் என்று ஆசைப்பட்டவர். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போன மனிதர், அந்த ஆசையை மனமறிந்துதான் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன்.

இனி உதிரிபாக விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இதில்தான் பலரும் அவசரத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

1861 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு மஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0.58 அங்குல விட்டம், 40 அங்குலக் குழல். உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் முதன்மை ஆயுதம். அரசு ஆலையும் ஒப்பந்தக் கம்பெனிகளுமாகச் சுமார் 10 லட்சம் செய்தார்கள். இதில் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். சுடும் விசையைத் தாங்குகிற பக்கவாட்டு இரும்புத் தகடான விசைத்தகட்டில் ஒரு வருடம் பொறித்திருக்கும். குழலின் அடிப்பக்கம் மேலே இன்னொரு வருடம். பக்கத்திலேயே வி, பி என்ற எழுத்துகளும் ஒரு கழுகுத் தலையும் இருக்கும். அது குழலைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்ததற்கான முத்திரை. தகட்டில் 1862, குழலில் 1863 என்று இருக்கிறது என்று வையுங்கள். உடனே ‘பேனர்மேன் வேலை’ என்பார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் சாதனையே, ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தும்படி செய்ததுதான். அலமாரியில் முன்வருடத் தகடு மிச்சமிருந்தால் தொழிலாளி அதை எடுத்து மாட்டியிருப்பார். களத்தில் குழல் வளைந்தால் படைப்பிரிவின் ஆயுதப் பழுதுபார்ப்பவர் வேறு குழலைப் பூட்டியிருப்பார். போர் முடிந்து இருபது வருடம் கழித்துக் கிடங்கில் யாரோ ஒருவர் பெட்டியிலிருந்து பொறுக்கிச் சேர்த்திருக்கவும் கூடும். இந்த மஸ்கட்டுகளுக்கு வரிசை எண் கிடையாது. ஆகவே இந்த மூன்றில் எது நடந்தது என்று உலோகத்தைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

சில இடங்களில் வரும். கோல்ட் கம்பெனியும் இன்னும் இரண்டு கம்பெனிகளும் செய்த ‘ஸ்பெஷல் மாடல் 1861’ தோற்றத்தில் இதற்கு அண்ணன் தம்பி. ஆனால் அதன் பாகங்களில் பெரும்பாலானவை ஸ்பிரிங்ஃபீல்டில் பொருந்தாது. அதன் விசைத்தகட்டை இதன் கட்டையில் மாட்டவேண்டுமென்றால் மரத்தைச் செதுக்கியாகவேண்டும். தகட்டைக் கழற்றினால் உள்ளே புது உளியின் தடம் தெரியும், விளிம்பில் இடைவெளி தெரியும், திருகாணித் துளை விலகியிருக்கும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை, பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

உதிரிபாகங்களைச் சேர்த்தது குற்றமா? அன்றைக்கு இல்லை. அவரிடம் வாங்கியவர்கள் நாடகக் கம்பெனிக்காரர்கள், பள்ளிக்கூடப் பயிற்சிப் படைகள், சுவரில் மாட்ட ஆசைப்பட்டவர்கள். அவர்களுக்கு வேண்டியது முழுசாக ஒரு துப்பாக்கி. இந்தக் குழல் எந்தப் போரில் எந்தச் சிப்பாயின் தோளில் இருந்தது என்று கேட்கும் பழக்கம் பின்னால் வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய தடயம் அவருடைய கிடங்கில்தான் அழிந்தது என்பதும் உண்மை. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு படைப்பிரிவிடமிருந்து மொத்தமாக வந்த துப்பாக்கிகளை அப்படியே வைத்திருந்தால், இன்று ஒரு ஊர்ப் பிள்ளைகள் போருக்குத் தூக்கிப்போன ஆயுதம் இது என்று கைகாட்டிச் சொல்ல முடியும். பெட்டி பெட்டியாகக் கலந்துபோனதில் அந்த வாய்ப்பு போயிற்று. ஆனாலும் கலந்ததற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை.

பட்டியலில் எழுதியதற்கு ஏற்றலாம். முந்நூறு பக்கத்துக்கும் மேல் போன அந்தப் பட்டியல்களில் படமும் விலையும் மட்டுமில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வரலாறும் உண்டு. எங்கிருந்து வந்தது, யாருடையது, எந்தப் போர். அதில் சில அவர் கண்ணால் கண்டவை, சில விற்றவர் சொன்னவை, சில ஊகம். மூன்றையும் ஒரே குரலில் எழுதினார். வேறு புத்தகம் இல்லாத காலத்தில் சேகரிப்பாளர்கள் அதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துத் துப்பாக்கியோடு கட்டிவைத்தார்கள். மகன் அதைப் பார்த்து மியூசியத்துக்கு எழுதிக் கொடுத்தான், மியூசியம் அட்டையில் ஏற்றியது. அட்டையைப் பார்த்து அடுத்த புத்தகம் வந்தது. ஊகம் ஊகம்தான் என்று ஒரு சொல் அவர் சேர்த்திருந்தால் போதும். சரக்கு விற்கிறவன் அந்தச் சொல்லைச் சேர்க்கமாட்டான் என்பது எனக்கும் தெரியும். விற்கிறவனே விளக்குகிறவனாகவும் இருப்பதில் உள்ள கேடு இதுதான், அவரோடு முடிந்த கேடும் இல்லை.

அமெரிக்காவில் ‘ஆன்டிக்ஸ் ரோட்ஷோ’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராணுவப் பழம்பொருள்களை மதிப்பிட்டு வந்த இருவர் 2001-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். முன்கூட்டியே ஜோடித்த ஒரு வாள் மதிப்பீட்டை 1997-இல் உண்மை போல நடத்திக்காட்டியவர்கள். கெட்டிஸ்பர்க் போரில் தலைமை தாங்கிய ஜெனரல் மீடின் கைத்துப்பாக்கியை, மியூசியத்துக்குப் போகிறது என்று வாரிசுகளை நம்பவைத்து வாங்கி, அதிக விலைக்கு வேறொருவருக்கு விற்றதாகவும் வழக்கு. பேனர்மேனை இவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தன்னை நம்பி வந்த ஒரு குடும்பத்தின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது வேறு. விலையை அச்சடித்து ஊருக்கே அனுப்பிவிட்டு விவரத்தில் அசட்டையாக இருப்பது வேறு.

மன்னிக்க முடியாதது என்று சொன்னேனே, அது மோசின்-நாகன்ட் என்ற ரஷ்ய ரைபிள் விவகாரம். ரஷ்ய ஜார் அரசுக்காக அமெரிக்க ஆலைகளில் செய்த ரைபிள்கள் 1917 புரட்சியால் தேங்கிப்போய் உபரியாக விற்பனைக்கு வந்தன. பேனர்மேன் 1918 நவம்பரில் இறந்துவிட்டார். முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் அவற்றை வாங்கி, அமெரிக்காவில் எங்கும் கிடைக்கும் 30-06 தோட்டாவுக்கு மாற்றி விற்றது. ரஷ்யத் தோட்டாவின் அடிப்பாகம் தடிமன். அமெரிக்கத் தோட்டா அதைவிடக் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஒல்லி, ஆனால் நீளம். குழலில் தோட்டா உட்காரும் அறையை முன்பக்கமாக ஆழப்படுத்தினார்கள். பின்பக்கம் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது. சுடும்போது பித்தளைக் கூட்டின் அடிப்பாகத்தைத் தாங்கிப்பிடிக்கச் சுவர் இல்லை. அது உப்பும், சில சமயம் பிளக்கும். பிளந்தால் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்துக்கு நேராகப் பின்னால் வரும். ஒரு சுட்ட தோட்டாக்கூட்டைக் கையிலெடுத்துப் பார்த்தாலே உப்பல் தெரிந்திருக்கும். துப்பாக்கியை அறிந்த ஒரு கடையில் அதை யாரும் பார்க்கவில்லை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வேலை மகன்கள் காலத்தது, ஆனால் வாங்கியவர்கள் நம்பியது அப்பாவின் பெயரை. இந்த ரைபிள்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. யாரும் அவற்றைச் சுடக் கூடாது.

ஆயுத வியாபாரி என்கிறீர்கள். ஆமாம், அதுதான் அவர் தொழில். அதைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது.

நிபுணர் என்று சொல்லலாமா என்பதற்கு வருகிறேன். அவர் அளவுக்கு ராணுவத் துப்பாக்கிகளைக் கையில் தூக்கிப் பார்த்தவர் அந்தக் காலத்தில் யார் இருந்திருப்பார்? கண்ணும் கையும் சேர்ந்து கற்றுக்கொள்ளும் ஞானம் அது. இன்று ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கு வாய்க்காது. அதனால் நிபுணர் என்ற சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன். பொருளைப் பற்றி அவர் சொல்வதை மதிக்கிறேன். பொருளுக்குப் பின்னால் இருந்த மனிதர்களைப் பற்றி அவர் சொல்வதை வேறு சாட்சி இல்லாமல் ஏற்பதில்லை.

வேறு சாட்சி எப்படி இருக்கும் என்பதற்கு லிட்டில் பிக்ஹார்ன் நல்ல உதாரணம். 1876-இல் அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரின் குதிரைப்படை பழங்குடிகளோடு நடந்த சண்டையில் அழிந்த இடம். ‘அந்தச் சண்டையில் இருந்த துப்பாக்கி’ என்று கதை கட்டாத ஊர் இல்லை. 1983-இல் அங்கே புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் உலோகம் தேடும் கருவியோடு இறங்கி, சுட்டுக் கிடந்த தோட்டாக்கூடுகளை இடம் குறித்து எடுத்தார்கள். ஊசி அடித்த தடமும் கூட்டை வெளியே இழுத்த கொக்கியின் கீறலும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு வேறு. நுண்ணோக்கியில் அவற்றை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் இடம் மாறியதைக்கூடப் பின்தொடர்ந்தார்கள். பிறகு, இன்னும் மிஞ்சியிருக்கும் துப்பாக்கிகளைச் சோதனைக்குச் சுட்டுப் பார்த்ததில் சில உண்மையிலேயே பொருந்தின. யாருடைய வாய்ச்சொல்லும் அதற்குத் தேவைப்படவில்லை.

தீவை 1967-இல் நியூயார்க் மாநிலம் வாங்கியது. 1969-இல் தீயில் கோட்டை வெறும் சுவரானது, 2009-இல் சுவரிலும் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சரக்கு உலகமெங்கும் சிதறிவிட்டது. மிஞ்சியது பட்டியல்கள்தான். 1927-ஆம் ஆண்டுப் பட்டியல் பிற்காலத்தில் மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. அதனால் என்ன பயன் என்று கேட்டீர்கள். அதை வரலாற்று நூலாகப் படிக்காதீர்கள், கடைக் கணக்காகப் படியுங்கள். எந்த வருடம் எந்தப் பொருள் அந்தக் கடையில் இருந்தது, என்ன விலை, படத்தில் அதன் வடிவம் என்ன என்பதற்கு அதைப்போல நல்ல சாட்சி கிடையாது. முதல் உலகப் போரில் தாத்தா எதிரியிடமிருந்து பிடுங்கி வந்தார் என்று சொல்லி ஒருவர் ஒரு வாளைக் காட்டுகிறார். அதே வகை வாள் 1907 பட்டியலில் படத்தோடும் விலையோடும் இருக்கிறது. அப்போது தாத்தாவின் கதைக்கு வேறு சான்று கேட்கவேண்டியிருக்கும். அந்த வேலையைப் பேனர்மேன் இன்றும் ஒழுங்காகச் செய்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்