வாசகர் கேள்வி பதில்: வீட்டிலேயே பகல்நேரக் குழந்தைக் காப்பகம்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எட்டு ஆண்டுகள் தனியார் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். மாமியாருக்கு உடல்நிலை சரியில்லாததால் வேலையை விட்டுவிட்டேன். எங்கள் தெருவில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களும், கடைவீதியிலும் மருத்துவமனையிலும் வேலை பார்க்கிறவர்களுமாகத் தாய்மார்கள் பலர் இருக்கிறார்கள். வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு அறைகள் காலியாக உள்ளன. கடன் வாங்கி அவற்றைப் புதுப்பித்துக் குழந்தைக் காப்பகம் தொடங்கலாமா? என்ன அனுமதி தேவை?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் சிறிதாகத் தொடங்குங்கள். கடனைப் பற்றி யோசிக்கும் முன், உங்கள் தெருத் தாய்மார்கள் எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளை அங்கன்வாடி கட்டணமில்லாமல் பார்த்துக்கொண்டு மதிய உணவும் தருகிறது. அதனோடு போட்டியிட வேண்டாம். கைக்குழந்தைகளை விட இடமில்லாமலும், அங்கன்வாடி மூடியதிலிருந்து தாய் பேருந்தை விட்டு இறங்கும் வரையுள்ள நேரத்துக்கு ஆளில்லாமலும்தான் குடும்பங்கள் தவிக்கின்றன. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் எஸ்டேட்டில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே விதித்திருந்தது. சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டங்களுக்குத் தினக்கூலிக்குப் போகும் பெண்களுக்கு அந்த ஏற்பாடு எட்டவில்லை. உங்கள் காப்பகம் முதலில் அவர்களுக்கானது.

மத்திய அரசின் காப்பகத் திட்டத்தில் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் என்று கணக்கு வைத்தார்கள். என் பார்வையில் அது பெரிய சுமை. நீங்களும் ஒரு துணைப் பெண்ணும் சேர்ந்து ஆறு குழந்தைகளுக்கு மேல் ஏற்க வேண்டாம். அவர்களில் கைக்குழந்தைகள் இரண்டு பேர் போதும். துணைக்கு வருகிறவர் தெரிந்தவரே ஆனாலும் காவல் துறையின் சரிபார்ப்புச் சான்று வாங்கிவிடுங்கள்.

குளிரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் குன்னூர்ப் பக்கம் ஒரு காப்பகத்துக்குச் சென்றிருந்தேன். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன, மூலையில் இரும்புச் சட்டியில் அடுப்புக்கரி கனன்றுகொண்டிருந்தது, நான்கு குழந்தைகள் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த அம்மாள் மிகவும் அன்பானவர். பிள்ளைகள் நடுங்கக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்திருந்தார். நான் பேச்சைத் தொடங்கும் முன் ஜன்னலைத் திறந்தேன். மூடிய அறையில் கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடக்கூடும். ஆகவே கரி அடுப்பு அறைக்குள் வரவே கூடாது. மின்சார ஹீட்டர் வைப்பதானால் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் சுவரில் பொருத்துங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, கனமான கம்பளிக்குப் பதிலாக இரண்டு அடுக்கு உடையும் காலுறையும் போட்டுவிடுங்கள். கம்பளி முகத்தில் ஏறினால் அதை விலக்க அந்தக் கைகளுக்கு வலுவில்லை.

உங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது என்பதை நீங்களே அறிவீர்கள். ஒவ்வொரு தாயிடமும் மூன்று மாற்றுடைகள் கேட்டு வாங்குங்கள். ஈரத் துணிக்கொடியைக் குழந்தைகள் அறையில் கட்டாதீர்கள்.

எண்ணெய், உணவு வாசனைக்குக் கரடி கதவை உடைத்துக்கொண்டு வரும் ஊர் உங்களுடையது. சமையல் பொருள்களை இரவில் காப்பக அறைகளில் வைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பகுதியில் தாயுடன் நடந்து வந்த மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றதை நாம் மறக்க முடியாது. இருட்டும் முன் பிள்ளைகளை அனுப்பிவிடுங்கள்; தெருமுனையில் அல்ல, உங்கள் வாசலிலேயே தாயின் கையில் ஒப்படையுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, பலகையில் எழுதும் பெயரையே கவனமாக முடிவு செய்யுங்கள். ‘விளையாட்டுப் பள்ளி’ என்று நடத்தினால், தமிழக அரசின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி கல்வித் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும். ஓரிரவுதானே என்று யார் கேட்டாலும் குழந்தைகளைத் தங்க வைக்காதீர்கள். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதி, இல்லங்களுக்கு 2014ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி உரிமம் வேண்டும். ‘பகல்நேரக் குழந்தைக் காப்பகம்’ என்று தெளிவாக எழுதி, தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுத்தில் தெரிவித்து, அவர்கள் கேட்கும் பதிவுகளைச் செய்துவிடுங்கள்.

கடன் தேவைப்பட்டால், முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் பிணையில்லாமல் ₹50,000 வரை கிடைக்கும். இரண்டு அறைக்கு அதற்கு மேல் வேண்டியிராது. பொம்மைகளைவிடத் தரைவிரிப்பும், வாசலுக்கு ஒரு தடுப்புக் கதவும் முதலில் வரட்டும். வாரக்கூலி வாங்கும் தாயிடம் கட்டணத்தை வாரம்தோறும், மாதச் சம்பளக்காரரிடம் மாதம்தோறும் வாங்குங்கள். மண் சரிந்து பேருந்து தாமதமான நாளில் கூடுதல் கட்டணம் கேட்காதீர்கள்.

மாமியாரைப் பற்றியும் ஒரு சொல். ‘அவர்களும் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள்’ என்று அவரை ஆள் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவருக்கு நீங்கள் மருந்து கொடுக்கப் போகும் நேரத்தில் துணைப் பெண் குழந்தைகளோடு இருக்க வேண்டும். அவருடைய மாத்திரைகள் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும்.