நாற்பது பைசா

அன்புள்ள ஐயா,

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பதினான்கு வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. இலக்கியம் இல்லை. மருந்துக் குறிப்பு, இன்சூரன்ஸ் பாலிசி, ஒப்பந்தம், வாஷிங் மெஷின் கையேடு, இப்படி ஏஜென்சி வழியாக வருவதெல்லாம். சொல்லுக்கு 1 ரூபாய் 20 பைசா வாங்கிக்கொண்டிருந்தேன். போன வருடத்திலிருந்து ஏஐ செய்த மொழிபெயர்ப்பை அனுப்பி, "சும்மா ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் மேடம்" என்கிறார்கள். சொல்லுக்கு 40 பைசா.

உங்களைப் போன்றவர்கள், இயந்திரத்துக்கு ஆன்மா கிடையாது, கலைஞனை அது தொட முடியாது என்று பேசுகிறீர்கள். இருக்கலாம். வாஷிங் மெஷின் கையேட்டுக்கு ஆன்மா எதற்கு? என் அக்கா மகள் இந்த வருடம் பி.ஏ. முடிக்கிறாள். "சித்தி, நானும் உங்கள் வேலைக்கே வரட்டுமா?" என்கிறாள். என்ன சொல்லட்டும்?

ம.

அன்புள்ள ம.,

மேடையில் அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். கைதட்டல்கூடக் கிடைத்தது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதைத் திரும்பச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே ஆன்மாவை விட்டுவிட்டு நாற்பது பைசாவைப் பார்ப்போம்.

ஏஜென்சிக்காரர் கணக்கு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நீங்களே மொழிபெயர்த்தால் ஒரு நாளைக்கு 2,000 சொல், 2,400 ரூபாய். திருத்துவது சுலபம், 6,000 சொல் ஓடும், அதுவும் 2,400 ரூபாய். உங்களுக்கு நஷ்டமே இல்லையே என்பார். இந்தக் கணக்கில் ஒரே ஒரு இடம்தான் பொய். திருத்துவது சுலபம் என்ற இடம்.

நான் முதலில் வேலைக்குப் போனது ஓர் அச்சகத்தில், புரூஃப் பார்க்க. எண்பதுகளின் நடுவில். இடது கையில் ஸ்டிக் என்கிற அடுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு, கேஸ் என்கிற அறை அறையான பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் காலம். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி இருக்கும். எங்கள் கம்போசிட்டர் அண்ணன் அதை நாம் செய்தித்தாள் படிக்கிற வேகத்தில் படிப்பார். அவரிடமும் தப்பு வரும். அச்சடித்த எழுத்தைப் பிரித்துத் திரும்பக் கேஸில் போடும்போது ணகரம் னகரப் பெட்டிக்குள் விழுந்திருக்கும். ஓர் எழுத்து தலைகீழாக நிற்கும். ஒரு துணைக்கால் விட்டுப்போய் 'பாடம்' 'படம்' ஆகியிருக்கும். ஆனால் அந்தத் தப்புகள் தப்பு மாதிரியே இருக்கும். வரிமேல் விரலை ஓட்டினால் கல் தட்டுப்படுவதுபோல அவையே வந்து தட்டும். புரூஃப் பார்ப்பது உண்மையிலேயே சுலபமான வேலைதான். அதற்கேற்ற சம்பளம்தான் எனக்கும் கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

கூகுள் மொழிபெயர்ப்பில் 2011இல் தமிழ் வந்தபோதும் இப்படித்தான். சிரிக்கச் சிரிக்கத் தப்பு இருந்ததால் யாரும் ஏமாறவில்லை. இப்போது வருவது வழவழவென்று இருக்கிறது. சமீபத்தில் ஒரு நண்பர் காட்டிய பத்திரத்தில், 'மதிப்பு வாய்ந்த பரிசீலனைக்குப் பிறகு உரிமையாளர் சொத்தை ஒப்படைக்கிறார்' என்றிருந்தது. எழுவாய், பயனிலை, சந்தி எல்லாம் சரி. ஒரு பிழை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் இருந்தது 'கன்சிடரேஷன்'. ஒப்பந்தச் சட்டத்தில் அதற்குப் பொருள் மறுபயன், அதாவது சொத்துக்குப் பதிலாகக் கைமாறுவது. உரிமையாளர் நன்றாக யோசித்துவிட்டு ஒப்படைப்பதாகத் தமிழ் சொல்கிறது. பணம் கைமாறிய செய்தியையே காணோம். இரண்டு பத்தி தள்ளி 'வித்தவுட் பிரெஜுடிஸ்' வருகிறது. உரிமைகளுக்குக் குந்தகமின்றி என்று வர வேண்டியது 'பாரபட்சமின்றி' என்று வந்திருக்கிறது. தமிழை மட்டும் படித்தால் சத்தியமாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலத்தை வரிக்கு வரி படித்து, மனதுக்குள் நாமே மொழிபெயர்த்து, அதை இதனோடு ஒட்டிப் பார்த்தால்தான் தெரியும். மொழிபெயர்க்கிற வேலை முழுதும் அப்படியே இருக்கிறது. தட்டச்சு செய்கிற வேலைதான் குறைந்தது. அந்தக் குறைவுக்காக 80 பைசாவைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சண்டையை வேறோர் இடத்தில் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். 2023 மே 2ஆம் தேதி ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி 148 நாள் நடத்தினார்கள். ஏஐ அவர்களுடைய ஒரே கோரிக்கை இல்லை, ஆனால் அதில் அவர்கள் பயந்தது நீங்கள் சொல்லும் அதே விஷயத்துக்குத்தான். அங்கே முதல் வரைவு எழுதுவதற்கு ஒரு கூலி, இன்னொருவர் எழுதியதைத் திருத்தி எழுதுவதற்கு அதைவிடக் குறைந்த கூலி. கம்பெனி ஏஐயிடம் ஒரு வரைவை வாங்கிக்கொண்டு, "இதைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்கள்" என்று எழுத்தாளரிடம் நீட்டினால்? கடைசியில் வந்த ஒப்பந்தத்தில், ஏஐ எழுதியதை மூலப் பிரதியாகக் கணக்கில் எடுக்கக் கூடாது, எழுத்தாளரிடம் கொடுப்பதில் ஏஐ எழுதியது இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும், ஏஐ மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள்.

அவர்களுக்குப் பதினோராயிரம் பேருக்கு மேல் உள்ள சங்கம் இருந்தது. உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? திருச்சியில் நீங்கள், மதுரையில் ஒருவர், சேலத்தில் ஒருவர். ஒருவர் ரேட் இன்னொருவருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் ஏஜென்சியின் லாபம். முதல் காரியமாக, தெரிந்த நாலு பேரிடம் "நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். நம்மூரில் சம்பளம் கேட்பது அநாகரிகம் என்று யார் சொல்லிவைத்தார்களோ, அவர் நிச்சயம் முதலாளியாக இருந்திருப்பார். அப்புறம் இரண்டு வாரம் கடிகாரம் வைத்து, எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு சொல் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு கொடுங்கள் என்று கேளுங்கள். மூன்றில் இரண்டு பேர் மாட்டேன் என்பார்கள். சட்டம், மருந்து சம்பந்தப்பட்ட வேலை கொடுப்பவர்களில் ஒருவராவது யோசிப்பார். தப்பு நடந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர் அவர்.

வாஷிங் மெஷின் கையேட்டை விட்டுவிடுங்கள். அது திரும்பி வராது.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. பதினான்கு வருடமாக நீங்கள் செய்த ஒவ்வொரு வாக்கியமும் ஆங்கிலமும் தமிழுமாக ஜோடி ஜோடியாக ஏஜென்சிகளின் டிரான்ஸ்லேஷன் மெமரியில், அதாவது பழைய மொழிபெயர்ப்புகளைச் சேர்த்துவைக்கும் கிடங்கில், கிடக்கும். முன்பே அதைக் காட்டித்தான், "இந்த வரி பழைய வேலையில் வந்ததுதானே" என்று காசைக் குறைத்திருப்பார்கள். இயந்திரம் தமிழ் படித்ததே மனிதர்கள் எழுதிவைத்ததைக் கொண்டுதான். 2024 தொடக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மான் ஒரு பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டதாகவும் அதற்கான பணம் கொடுத்ததாகவும் அவரே சொன்னார். இறந்த பாடகரின் வீட்டுக்குப் பணம் போனது. உயிரோடு இருக்கும் உங்களுக்கு ஒரு ஃபோன்கூட வந்திருக்காது.

அக்கா மகள் விஷயம். இதில்தான் எனக்குத் தடுமாற்றம். கம்போசிட்டர் அண்ணனுடைய வேலையை, கணினியிலேயே பக்கம் அமைக்கிற டி.டி.பி. மொத்தமாகக் கொண்டுபோனது, அவர் பைண்டிங்குக்கு மாறினார், பாதிக் கூலிக்கு. அது ஒரு விதமான கொடுமை. இங்கே நடப்பது வேறு. மேலே இருப்பவர்களின் கூலி குறைகிறது, கீழ்ப்படியே காணாமல் போகிறது. 'மறுபயன்' என்ற சொல் உங்களுக்கு ஒரே நாளில் வந்திருக்காது. கையேடும் நோட்டீசுமாக நூறு சில்லறை வேலை செய்து, நாலு பேரிடம் திட்டு வாங்கி வந்திருக்கும். அந்தச் சில்லறை வேலையைத்தான் இயந்திரம் முதலில் எடுத்துக்கொண்டது. அவள் எதைச் செய்து கற்றுக்கொள்வாள்? வா என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை, வராதே என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஒன்று செய்து பார்க்கலாம். உங்களுக்கு வந்த ஒப்பந்தங்களிலேயே மோசமான ஒன்றை எடுத்து, பெயர்களை அடித்துவிட்டு, ஆங்கிலத்தையும் இயந்திரத் தமிழையும் அவளிடம் கொடுங்கள். அகராதி கொடுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கொடுங்கள். எத்தனை தப்பு இருக்கிறது என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.