செய்தி மேசையிலிருந்து நலவாழ்வுத் தொழிலுக்கு: கேள்வி பதில்

தொலைக்காட்சியில் 17 ஆண்டுகள் செய்தி வாசித்தேன். அவற்றில் கடைசி 6 ஆண்டுகள் அதிகாலைச் செய்தி. இப்போது தூக்கம், மூச்சு, குரல் ஆகியவற்றில் பயிற்சி தரும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். இதே பாதையில் வர நினைப்பவர்களும் இத்துறையில் உழல்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதழியல் மாணவி: செய்தி வாசிப்பது என்பது எழுதிக் கொடுத்ததைப் பார்த்துப் படிப்பதுதானே? அதில் அப்படி என்ன களைப்பு?

படிப்பது எளிய பகுதி. லென்ஸுக்கு முன்னால் சாய்வாகப் பொருத்திய கண்ணாடியில், கீழே உள்ள திரையின் எழுத்துகள் பிரதிபலிக்கும். இதுதான் டெலிபிராம்ப்டர். நாம் எழுத்தைப் பார்ப்போம், வீட்டில் இருப்பவருக்கோ நாம் அவரையே பார்ப்பதாகத் தோன்றும். கடினமானது காதில் நடப்பது. ஒரு வாக்கியத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர், காதில் மாட்டிய இயர்பீஸ் வழியே, "அடுத்த செய்தி இல்லை, நேரடித் தொடர்பு தயார், 40 விநாடி இழுங்கள்" என்பார். வாய் ஒன்றைச் சொல்லும், காது வேறொன்றைக் கேட்கும், மனம் மூன்றாவது வாக்கியத்தைக் கட்டும், முகமோ எதுவும் நடக்காததுபோல் இருக்க வேண்டும். பிரேக்கிங் நியூஸ் வந்துவிட்டால் டெலிபிராம்ப்டரில் எழுத்தே இருக்காது. அப்போது தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியாது என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவரே செய்தி வாசிப்பாளர். பிற்பாடு தொழில் நடத்தும்போது எனக்குக் கைகொடுத்த ஒரே திறமை அதுதான். மற்றவற்றைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.

அதிகாலைப் பணியில் உள்ள செய்தி வாசிப்பாளர்: இரவு 2 மணிக்கு எழுகிறேன். நான்கு ஆண்டுகளாகியும் உடல் பழகவில்லை. என் மனவுறுதியில்தான் குறையா?

இல்லை. உடலின் உட்கடிகாரம் நம் மனவுறுதியைக் கேட்டு ஓடுவதில்லை. அது முதன்மையாகக் கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அக்கடிகாரம் மூலக்கூறு அளவில் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நீங்கள் விடியுமுன் ஸ்டூடியோ விளக்குகளின் கீழ் உட்காருகிறீர்கள், பிறகு பகல் வெயிலில் வீடு திரும்புகிறீர்கள், வார விடுமுறையில் குடும்பத்துக்காகச் சாதாரண நேரத்துக்கு மாறுகிறீர்கள். கடிகாரத்துக்கு மாறி மாறி உத்தரவிட்டால் அது எதற்கும் பழகாது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியை "புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளவை" என்ற 2ஏ பிரிவில் 2007இல் சேர்த்து, 2019இல் அதையே உறுதிசெய்தது. இதைக் கேட்டுப் பதற வேண்டாம். அந்தப் பிரிவு சான்றுகளின் வலிமையைச் சொல்கிறதே ஒழிய, உங்களுக்கு ஆபத்து எத்தனை மடங்கு என்பதைச் சொல்வதில்லை. ஆனால் "பழகிவிடும்" என்று நிர்வாகம் சொன்னால் தலையாட்ட வேண்டியதில்லை என்பதற்கு இது போதும்.

நான் செய்து பலன் கண்டவற்றைச் சொல்கிறேன். விடுமுறை நாளிலும் தூங்கும் நேரத்தில் 4 மணி நேரமாவது வேலை நாளின் தூக்க நேரத்தோடு பொருந்தும்படி வைத்துக்கொண்டேன். காபியின் காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரமாகும் என்பதால், காலை 7 மணிக்குமேல் காபியைத் தொடவில்லை. பிற்பகலில் 20 நிமிடம் படுத்து எழுந்தேன். அதற்கு மேல் போனால் எழும்போது மந்தமாகிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பணி முடிந்த களைப்பில் நானே வண்டி ஓட்டுவதை நிறுத்தினேன்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நீங்கள் விலகியதற்கு ஏதேனும் ஒரு நாள் காரணமா, அல்லது மெல்ல மெல்ல வந்த முடிவா?

முடிவு மெல்ல வந்தது; அதைக் கண்ணுக்குக் காட்டியது ஒரு நாள். ஒரு விபத்துச் செய்தியில் இறந்தோர் எண்ணிக்கையையும் காயமடைந்தோர் எண்ணிக்கையையும் மாற்றி வாசித்துவிட்டேன். காதில் தயாரிப்பாளர் இரண்டு முறை திருத்தியும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது முறைதான் உறைத்தது. அன்று நான் விழித்திருந்தது 19 மணி நேரம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் செயல்திறன் அளவுக்குச் சரியும் என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதைப் பிறகுதான் படித்தேன். மது அருந்திவிட்டு யாரும் என்னைக் கேமரா முன் உட்கார விட்டிருக்க மாட்டார்கள். தூக்கமின்றி வந்தபோதோ அர்ப்பணிப்பு என்று பாராட்டினார்கள்.

ஒரு நெறியாளர்: விவாத நிகழ்ச்சி நடத்துகிறேன். ஆறு வாரமாகக் குரல் கரகரக்கிறது. எந்தப் பயிற்சி நல்லது?

பயிற்சியை ஒத்திவையுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்நாண்களை நேரில் பார்க்கச் சொல்ல வேண்டும். குரல்நாணில் வந்த முடிச்சாக (சிறு தடிப்பாக) இருந்தால் பெரும்பாலும் குரல் சிகிச்சையிலேயே சரியாகிவிடும். வேறு எதுவானாலும் சீக்கிரம் தெரிவது நல்லது. அதுவரை தொண்டையைச் செருமாதீர்கள். ஒவ்வொரு செருமலிலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. விருந்தினர்கள் கத்தும்போது நீங்களும் கத்துவதற்குப் பதிலாக அவர்களது மைக்கைக் குறைக்கச் சொல்லுங்கள்.

செய்தி ஆசிரியர்: எனக்கு வந்திருப்பது பர்ன் அவுட்டா, வெறும் சலிப்பா?

நோய்களின் உலக வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பர்ன் அவுட்டை நோயாக அல்லாமல் பணி சார்ந்த நிலையாகவே வரையறுக்கிறது. அதற்கு மூன்று கூறுகள் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது விலகலோ வெறுப்போ தோன்றுதல், செய்வதில் பயனில்லை என்ற உணர்வு. செய்தி அறையில் இரண்டாவதைக் கண்டுகொள்வது கடினம், ஏனென்றால் அங்கே எல்லோரும் மரணச் செய்தியைப் பற்றி நகைச்சுவை செய்வார்கள். வீட்டிலும் அந்தத் தொனியிலேயே பேசத் தொடங்கியிருந்தால் கவனியுங்கள். விடுமுறையிலும், வேலைக்குத் தொடர்பில்லாதவற்றிலும்கூட இதே நிலை இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும், நலவாழ்வுப் பயிற்சியாளர் அல்ல. என்னிடம் வருபவர்களில் சிலரை நான் அங்கேதான் அனுப்புகிறேன்.

ஓய்வுபெற்ற செய்தி வாசிப்பாளர்: ஊட்டச்சத்து மாத்திரை நிறுவனம் ஒன்று என் முகத்தையும் பெயரையும் கேட்கிறது. பங்கும் தருகிறார்கள். என் மீது மக்களுக்கு நம்பிக்கை இருக்கிறது, ஏற்கலாமா?

அந்த நம்பிக்கை எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவின் என்பிசி தொகுப்பாளர் கேட்டி கூரிக், கணவரைப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2000ஆம் ஆண்டில் தமக்குச் செய்யப்பட்ட, பெருங்குடலுக்குள் சிறு கேமராவைச் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபிப் பரிசோதனையையே நிகழ்ச்சியில் காட்டினார். அதன்பின் அப்பரிசோதனை செய்துகொள்வோர் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததை 2003இல் ஒரு மருத்துவ ஆய்வு பதிவுசெய்தது. தொலைக்காட்சியில் தெரிந்த ஒருவர் சொன்னதால் மக்கள் தம் உடலை மருத்துவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் காட்டியது மருத்துவம் ஏற்றுக்கொண்ட பரிசோதனை. அதே இடத்தில் நிரூபிக்கப்படாத ஒரு மாத்திரையை வைத்துப் பாருங்கள். அதே மக்கள், அதே நம்பிக்கையோடு விழுங்குவார்கள்.

நீங்கள் நம்பப்படுவது மருந்து தெரிந்தவர் என்பதால் அல்ல, சரிபார்த்த பிறகே சொல்பவர் என்பதால்தான். ஆகவே செய்தியில் கேட்டதையே இங்கும் கேளுங்கள்: ஆதாரம் எங்கே, அதற்குப் பணம் கொடுத்தது யார், எத்தனை பேரிடம், எவ்வளவு காலம் சோதித்தார்கள்? அவர்கள் நான்கு வாடிக்கையாளர்களின் பாராட்டுக் காணொளிகளைக் காட்டினால், அந்த ஆதாரத்தை வைத்து நீங்கள் ஒரு செய்தியை ஒளிபரப்பியிருப்பீர்களா என்று யோசியுங்கள். எனக்கும் இப்படி ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஆய்வறிக்கை கேட்டு எழுதினேன். அதன்பின் அவர்கள் அழைக்கவில்லை.

யோகா, தியானப் பயிற்சி பெற்ற இளைஞர்: தியானச் செயலி தொடங்குகிறோம். விளம்பரத்தில் எதைச் சொல்லலாம்?

சிறிதாகச் சொல்லுங்கள். தியானப் பயிற்சிகள் குறித்த 47 ஆய்வுகளை, 3,515 பேரின் விவரங்களோடு திரட்டிய ஒரு பகுப்பாய்வு 2014இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் சிறிதளவு முன்னேற்றம் இருப்பதற்கு ஓரளவு சான்று கிடைத்தது. தூக்கம், கவனம் போன்றவற்றில் முடிவு சொல்லப் போதிய சான்று அப்போது கிடைக்கவில்லை. அந்த "சிறிதளவு" என்ற சொல்லை விளம்பர நிறுவனம் வெட்டச் சொல்லும். வெட்டாதீர்கள்.

இத்துறையில் முன்னோடியாக ஒருவரைச் சொல்வேன். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியின் டான் ஹாரிஸ், 2004இல் நேரலையில் செய்தி வாசிக்கும்போதே பீதித் தாக்கத்துக்கு ஆளாகிப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. பின்னர் தியானம் கற்று, அதைப் பற்றி எழுதி, செயலி நிறுவனம் ஒன்றைத் தொடங்குவதில் பங்கேற்று, 2021இல் தொலைக்காட்சியை விட்டார். தியானத்தால் முழு மகிழ்ச்சி வரும் என்று அவர் சொல்லவில்லை. பத்து விழுக்காடுதான் என்றார். ஐயப்படுபவர்களை இழுத்தது அந்த அடக்கம்தான் என்பது என் கணிப்பு.

இன்னும் பணியில் உள்ளவர்: என்னைச் சமூக ஊடகங்களில் பல லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். வேலையை விட்டால் தொழில் ஓடிவிடும் அல்லவா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்தொடர்பவர் இலவசமாகப் பார்ப்பவர். வாங்குபவர் வேறு ஆள். என் முதல் வகுப்பை அறிவித்தபோது வாழ்த்துகள் ஆயிரக்கணக்கில் வந்தன, பணம் கட்டியவர்கள் 11 பேர். அந்த 11 பேரில் 9 பேர் என்னைத் திரையில் பார்த்தே இராதவர்கள். இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள், விமான நிலைய ஊழியர்கள். செய்தி வாசிப்பாளரின் கவர்ச்சியை விற்கப் போய், தூக்கமில்லாதவர்களின் தேவையை அறிந்து திரும்பினேன். ஆகவே வேலையில் இருக்கும்போதே வார இறுதியில் 10 பேருக்குக் கட்டணம் வாங்கி நடத்திப் பாருங்கள். இலவசமாக நடத்தினால் பாராட்டு மட்டுமே கிடைக்கும், தகவல் கிடைக்காது.

அதற்கு முன் பணி ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வெளித் தொழிலுக்குத் தடை உண்டா, விலகிய பின் எத்தனை மாதம் திரையில் தோன்றக் கூடாது, நீங்கள் வாசித்த காணொளிகள் யாருக்குச் சொந்தம், நிகழ்ச்சியின் பெயரில் தொடங்கிய சமூக ஊடகக் கணக்கு யாருடையது என்ற நான்கையும் கேளுங்கள். நான் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஒரு கணக்கையே இழந்தேன். கூட்டாளியோடு தொடங்குவதானால், நீங்கள் பிரிந்தால் உங்கள் பெயர் நிறுவனத்தில் நிற்குமா, உங்களோடு வருமா என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.

அதே நபர்: கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

வருமானமே இல்லாமல் 12 மாதக் குடும்பச் செலவு. தொழிலுக்கான முதலீடு அதற்குப் புறம்பே.

செய்தியாளர்: நிறுவனம் நடத்திக்கொண்டே மீண்டும் செய்தி வாசிக்கலாமா?

நலவாழ்வு, மருந்து, உணவு பற்றிய செய்திகளைத் தொடாமல், உங்கள் நிறுவனத்தை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு வாசிக்கலாம். ஆனால் ஒரு நாளின் செய்தியில் அவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு அது சரிப்படாது என்று தோன்றியது; இரண்டு வாய்ப்புகளை மறுத்தேன்.

இல்லத்தரசி: நீங்கள் வாசிக்கும் செய்தியோடுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். இப்போதும் அந்த நேரத்துக்கு விழிப்பு வருகிறதா, அம்மா?

முதல் எட்டு மாதம் வந்தது. கண் விழித்து, இருட்டில் காதைத் தடவி, இயர்பீஸைத் தேடியிருக்கிறேன். இப்போது 6 மணிவரை தூங்குகிறேன். தேர்தல் வாக்கு எண்ணும் நாளில் மட்டும் 2 மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எண்ணிக்கை தொடங்கியதும் தொலைக்காட்சியை ஒலியில்லாமல் வைத்து, திரையின் அடியில் ஓடும் எண்களை எனக்குள் வாசித்துக்கொண்டிருப்பேன்.