சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ஸ்டாக்கைக் கேட்கட்டும்

ஐயா, பி.காம். முடித்த மகனுக்கு ஒரு கார் டீலரிடம் ஸ்டாக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு மாதம் விற்பனை உச்சம், மறுமாதம் சரிவு என்று செய்தி வருவதால் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அந்தச் செய்தியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மாதம் பிறந்ததும் கார் கம்பெனிகள் அறிவிப்பது பெரும்பாலும் ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் கணக்கு. வாங்கியவர் கைக்குச் சாவி போனதா என்பது ஆர்.டி.ஓ. பதிவில்தான் தெரியும். நடுவில் மாட்டிக்கொள்பவர் டீலர். 2024 செப்டம்பரில் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள், சுமார் 79,000 கோடி ரூபாய்க்கு, தேங்கி நின்றதாக டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது.

நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லை. பெரும்பாலும் கடனில் எடுத்தது. பத்து லட்ச ரூபாய் வண்டிக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 274 ரூபாய். இருநூறு வண்டி நின்றால் பொழுது விடிந்தால் ஐம்பத்து நாலாயிரம் சொச்சம். ஒருநாள் டீலர்கள் வண்டிகளை நிறுத்திவைக்கும் ஏதாவது ஒரு யார்டைப் பார்த்து வாருங்கள்: கண்ணாடியில் காக்கை எச்சம், உயிர் போன பேட்டரி. டிசம்பரில் தயாரான கார் ஜனவரி முதல் தேதியே 'போன வருஷ வண்டி'; தள்ளுபடி இல்லாமல் நகராது.

வரி குறைவதுகூட முதலில் அடிதான். ஜி.எஸ்.டி. குறையும் என்று 2025 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் சொன்னதும், வாங்க வந்தவர்களும் பொறுத்துப் பார்க்கலாம் என்று திரும்பினார்கள். விநாயகர் சதுர்த்தியும் ஓணமும் அந்த இடைவெளியில் போயின. செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 28 சதவீதம் 18 ஆனது, கூட்டம் வந்தது. அதுவரை வட்டி கட்டியது யார்?

ஆகவே சேருமுன் மகன் இரண்டு கேள்வி கேட்கட்டும்: யார்டில் எத்தனை நாள் ஸ்டாக் இருக்கிறது, அறுபது நாள் தாண்டியவை எத்தனை? மழுப்பினால் அங்கே சம்பளமும் இழுபடும் என்றே நான் எடுத்துக்கொள்வேன். சர்வீஸும் பழைய கார் பிரிவும் உள்ள இடமென்றால் மந்தத்தை ஓரளவு தாங்கும். விற்பனை இலக்கை வைத்துச் சம்பளம் தரும் வேலையாக இருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆடியில் சேரச் சொல்கிறார்களே என்று வீட்டில் தயங்குகிறார்களாம். இந்த வேலையைக் கற்க ஆடியைவிடத் தோதான மாதம் இல்லை. யார்டு நிறைந்திருக்கும், எண்ணிப் பழகலாம்.