காம்ஃப்ரி: நடும் முன் இடத்தைப் பாருங்கள்

"கிழக்கு லண்டனில் அலாட்மென்ட் (தோட்டம் போட வாடகைக்குக் கிடைக்கும் நிலத்துண்டு) எடுத்திருக்கிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் காம்ஃப்ரி என்ற செடியின் வேர்த்துண்டு இரண்டு கொடுத்தார். தக்காளிக்கு நல்ல உரமாமே? இலையைக் கீரையாகச் சமைக்கலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

சமைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் சாப்பிட்டவர்கள் உண்டு. ஆனால் இதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் ஈரலைக் கெடுப்பவை. செடி தோட்டத்துக்கு மட்டும்.

அடுத்து, கொடுத்தவரிடம் இது 'பாக்கிங் 14' ரகமா என்று கேளுங்கள். எசெக்ஸில் உள்ள பாக்கிங் கிராமத்தில் இயற்கைத் தோட்டக்கலை முன்னோடி லாரன்ஸ் ஹில்ஸ் 1950களில் தேர்ந்தெடுத்த ரகம் அது. விதை கட்டாததால் தோட்டமெங்கும் முளைக்காது. சாதாரண காம்ஃப்ரி என்றால் விதை விழுந்து பரவும்.

எந்த ரகமானாலும் வேர் விஷயத்தில் நம் ஊர்க் கோரை மாதிரிதான். பிடுங்கும்போது சுண்டுவிரல் நீளத் துண்டு மண்ணில் தங்கினாலும் துளிர்த்துவிடும். அதனால் காய்கறிப் பாத்தியில் வேண்டாம். கம்போஸ்ட் குவியலுக்குப் பக்கத்தில், மாற்ற அவசியமில்லாத மூலையில், இரண்டு மூன்று அடி இடைவெளியில் நடுங்கள்.

முதல் வருஷம் பூத்தண்டை மட்டும் கிள்ளிவிட்டு, செடி வேர் பிடிக்க விடுங்கள். இரண்டாம் வருஷத்திலிருந்து மூன்று நான்கு முறை, தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு அறுக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இலையின் சுணை அரிக்கும். நாம் அறுத்துக்கொண்டே இருப்பதால் அதற்கும் மக்கிய எரு வேண்டும்.

உரத்துக்கு வருவோம். ஒரு கிலோ இலையை 15 லிட்டர் தண்ணீரில் நாலைந்து வாரம் ஊறவைப்பது ஒரு வழி. நாற்றம் குடலைப் பிடுங்கும். ஒருமுறை மூடியைச் சரியாகப் போடாமல் விட்டு, பக்கத்துப் பாத்திக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது தண்ணீரே சேர்ப்பதில்லை. அடியில் துளை போட்ட வாளியில் இலையை அமுக்கி, மேலே செங்கல் வைத்து மூடி, கீழே ஒரு டப்பா வைத்துவிடுகிறேன். சில வாரங்களில் கறுப்பாக, பாகுபோல் சொட்டும். ஒரு பங்குக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு தண்ணீர் கலந்தால் போதும்.

இதில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) தூக்கலாக இருக்கும். அதனால் நாற்றுக்கு ஊற்றாதீர்கள். தக்காளியில் முதல் கொத்து காய் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை ஊற்றுங்கள்.

செப்டம்பருக்கு மேல் அறுக்க வேண்டாம், குளிருக்கு முன் வேரில் சத்து சேரட்டும். அப்புறம் இலையெல்லாம் கறுத்து மண்ணோடு படிந்துவிடும். செத்துவிட்டதென்று தோண்டிவிடாதீர்கள்; வசந்தத்தில் தானாகத் தலை நீட்டும்.