பிரிந்த காதல் மறுபடி துளிர்ப்பதைச் சொல்லும் கன்ட்ரி பாட்டை ஏன் இருவர் சேர்ந்து பாடுகிறார்கள்?

அமெரிக்கத் தென்பகுதியின் கிராமத்து மண்ணில் வளர்ந்தது கன்ட்ரி இசை. அதில் இருவர், பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சேர்ந்து பாடுவதுதான் கன்ட்ரி டூயட்.

விட்டுப்போன காதலை ஒருவர் மட்டும் பாடினால் அது ஏக்கம், இல்லையென்றால் புகார். இருவரும் பாடும்போதுதான் மறுபடி சேர வழி இருக்கிறதா என்று நமக்குத் தெரிகிறது. சித்தப்பா சித்தி சண்டையை இருவர் வாயாலும் தனித்தனியாகக் கேட்டால், இரண்டு பேருக்குமே இன்னும் மனசு இருக்கிறது என்று புரியுமே, அது மாதிரி. அதனால் சரணங்களைப் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். அப்புறம் பல்லவியில் ஒருவர் மெட்டைப் பிடிக்க, மற்றவர் அதே சொற்களைச் சற்று மேலோ கீழோ உள்ள சுரத்தில் பாடுவார். மூச்சு விடும் இடம்கூட ஒன்றாகவே இருக்கும். வரிகளில் இல்லாத சமாதானம் அங்கே காதில் விழுகிறது. எனக்கு மிகப் பிடித்ததே அந்த இடம்தான்.

கன்ட்ரி பாடகர்களான ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் 1969இல் மணந்து 1975இல் விவாகரத்து செய்தவர்கள். அடுத்த ஆண்டே அவர்களது டூயட் ஒன்று அமெரிக்க கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

அதற்காக, உருகிப் பாடும் ஜோடியெல்லாம் நிஜ ஜோடி என்று நினைத்துவிட வேண்டாம்: 1970களில் கொடிகட்டிப் பறந்த கான்வே ட்விட்டியும் லொரெட்டா லின்னும் தனித்தனிக் குடும்பம் உள்ள நண்பர்கள்.